மழை நாளில் மட்டும் அறுபடாத இணைப்பு

ஓய்வு பெற்ற பிறகு நானும் என் வீட்டுக்காரரும் சாந்தோமில் இருந்து அடையாறுக்கு வீடு மாறினோம். மாறியதும் நான் செய்த முதல் வேலை ஃபைபர் இணைப்புக்குச் சொல்லி வைத்தது. நான் வேலை பார்த்த கம்பெனிக்கு அந்தத் தெருவில் கேபிள் கிடையாது. அதனால் வேறொரு கம்பெனி. சில நாள் கழித்து ஒரு பதிவு செய்த குரல் என் போனில் பேசியது. உங்கள் இணைப்பு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டுவிட்டது, திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. வீட்டுக்கு யாரும் வந்திருக்கவில்லை. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கப்படவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் எதையும் அழுத்தவில்லை. நேரே அவர்களுடைய ஏரியா ஆபீஸுக்குப் போய், பொறுப்பில் இருந்தவரைப் பார்த்து, எந்தப் பெட்டியில் இருந்து எங்கள் கட்டடத்துக்குக் கேபிள் வர வேண்டும், அதில் இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். மறுநாள் இணைப்பு வந்தது. மாட்டிவிட்டுப் போக வந்த இருவரும் காப்பி குடித்துக்கொண்டே, இந்த வேலையில் நீங்கள் சந்தித்ததிலேயே கஷ்டமான கேஸ் எது மேடம் என்று கேட்டார்கள். யோசிக்காமல் பதில் சொன்னேன். அவர்களிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜினா. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன பட்டறையில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பிராட்பேண்ட் கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது தாமிரக் கம்பிதான். ஃபைபர் வந்தபோது ஆபீஸில் இருந்தவர்களில் சிலரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், நானும் போனேன். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழையைத் தோலுரித்து, ஸ்பிரிட் தொட்ட தாளால் துடைத்து, நேராக வெட்டி, இரண்டு முனைகளையும் மெஷினில் எதிரெதிரே வைத்து ஒட்டவைக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. போர்டுகளோடு வருஷக்கணக்கில் பழகிய கை என்பதால் எனக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம், அடையாறு, தி.நகர் எல்லாம் சேர்ந்த ஏரியாவுக்கு ஃபீல்டு சூப்பர்வைசர் ஆனேன். ஏணியில் பெண்பிள்ளை ஏறுவதைத் தெருவே நின்று பார்த்த காலம் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

எங்கள் ஏரியா மேனேஜர் காதர் சார். ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது பேசுகிறவர்கள், தாத்தா காலத்தில் இருந்து பைண்டிங் தொழில். இவர்தான் அந்தக் குடும்பத்தில் முதலில் சம்பள வேலைக்கு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக "ரெஜினா, வாங்க" என்பவர், கோபத்தில் இருந்தால் "ரெஜினா மேடம், கொஞ்சம் தயவு செஞ்சு வர முடியுமா" என்பார். அந்தத் தயவைக் கேட்டதும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம்.

அவருக்குச் சில வழக்கங்கள் உண்டு. 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்ற வாக்கியத்தை அவர் முன்னால் யாரும் சொல்லக் கூடாது. யார் செய்கிறார், எங்கே நின்று செய்கிறார், அவருக்கு இப்போது என்ன தேவை என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்று அவர் கேட்கவே மாட்டார். "அவங்க என்ன பாத்தாங்க?" என்றுதான் கேட்பார். நெட் வேலை செய்யவில்லை என்பது வாடிக்கையாளர் சொல்வது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு மினுக்குகிறது, குழாயில் தண்ணீர் வரும்போது போய்விடுகிறது என்பதெல்லாம் அவர் பார்ப்பது. பாதி கோளாறை வாடிக்கையாளர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருப்பார், நாம் கேட்காததால் அவர் சொல்லவில்லை என்பது காதர் சாரின் நம்பிக்கை.

அவரிடம் நான் கற்றதிலெல்லாம் பெரியது கோடம்பாக்கத்தில் நடந்தது. ஆள் போதாமல் அந்தப் பக்கத்தையும் சில மாதம் நாங்களே பார்த்துக்கொண்டோம். அங்கே ஒருவர் சினிமாவுக்கு ஒலிச்சேர்க்கை செய்பவர். வீட்டிலேயே அறை கட்டி வேலை பார்த்தார். அவருக்கு இணைப்பு தருவதாக எங்கள் விற்பனை ஆட்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தத் தெருப் பெட்டியிலோ இடமில்லை. புதுப் பெட்டி வைக்க ரோட்டை வெட்ட அனுமதி வேண்டும், அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸில் இருந்து அவருக்குத் தினமும் 'நாளைக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காதர் சார் என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அவர் கதவைத் திறந்ததுமே சண்டைக்குத் தயாராக நின்றார். காதர் சார் உட்காரக்கூட இல்லை. பெட்டியில் இடமில்லை என்பதை, ரோடு அனுமதி எங்கள் கையில் இல்லை என்பதை, தேதி சொன்னால் அது பொய்யாக இருக்கும் என்பதை அமைதியாகச் சொன்னார். பிறகு, இந்தத் தெருவில் இன்னொரு கம்பெனிக்குக் கேபிள் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அந்த மனிதர் கதவில் இருந்து கையை எடுத்தார். இதை நீங்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். சொல்லியிருக்க வேண்டும் என்றார் காதர் சார்.

வெளியே வந்ததும், ஒரு வாடிக்கையாளரை நாமே அனுப்பிவிட்டோமே என்றேன்.

"நாளைக்குன்னு சொல்லாதீங்க ரெஜினா. நம்ம கைல இல்லாத நாள நாம யாருக்கும் கொடுக்கக் கூடாது."

அந்த ஒலிச்சேர்க்கைக்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. ஆனால் அவருடைய நண்பர்கள் சிலர் தி.நகரில் எங்கள் இணைப்பை வாங்கினார்கள். கேட்டால், அந்தக் கம்பெனியில் உண்மை சொல்கிறார்கள் என்று அவர் சொன்னதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் எந்த வாடிக்கையாளரிடமும் என் கையில் இல்லாத தேதியைச் சொன்னதில்லை. என்னைத் திட்டியவர்கள் உண்டு. நம்பாதவர்கள் கிடையாது.

இனி அந்தக் கஷ்டமான கேஸ்.

மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். அதில் நாலைந்து வீட்டுக்காரர்கள் எங்களிடம் இணைப்பு கேட்டிருந்தார்கள். அசோசியேஷன் செக்ரட்டரி ராமநாதன் என்பவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கேபிளை உள்ளே விட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். வாரக்கணக்கில் வேலை நின்றது. நான் போய்ப் பார்த்தபோது அவர் பக்கத்து நியாயம் தெரிந்தது. முன்பு யாரோ வந்து மொட்டை மாடித் தளத்தில் துளை போட்டு, மழைக்கு மேல் வீட்டில் ஒழுகி, கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தது. "ஆள் ஆளுக்கு வந்து ஒயரத் தொங்க விட்டுண்டு போயிடறா. அப்புறம் போன் பண்ணினா எடுக்கறதில்ல" என்றார்.

தளத்தில் கை வைக்க மாட்டோம், கைப்பிடிச் சுவரில் மட்டும் கொக்கி அடித்து அதில் கேபிளைத் தாங்கவைப்போம் என்று சொன்னேன். எந்த இடத்தில் என்று அவரையே காட்டச் சொன்னேன். அவர் சாக்பீஸால் குறி போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே வீடுகளுக்கு இணைப்பு போய்விட்டது.

அதில் ஒரு வீடு இரண்டாம் மாடியில். வசுமதி என்ற பெயரில் இருந்தது. இணைப்பு கொடுத்த சில நாளிலேயே அங்கிருந்து புகார் வர ஆரம்பித்தது. பகலில் திடீரென்று போகிறது, பிறகு தானாக வருகிறது. புகார் வரும், எங்கள் ஆள் போவார், 'வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை, கதவு பூட்டி இருந்தது' என்று புகார் மூடப்படும். அடுத்த நாள் அதே புகார் மறுபடி வரும்.

அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர் சேகர். பட்டினப்பாக்கத்துக்காரர், வேலையில் கெட்டி. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னாக்கா பண்றது? கீழ நின்னுக்கினு அடிச்சிக்கினே கீறேன், ரிங் போகுது, எடுக்க மாட்றாங்க. கேட்டு வேற பூட்டிக்கீது. அடுத்த வூடு வெய்ட்டிங்ல கீது, போய்ட்டேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு அத்தனை வீடு ஏறி இறங்க வேண்டும். போன் எடுக்காதவர் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்பது?

காலையில் வேலை பிரிக்கும்போது காதர் சார் அந்த வீட்டின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெஜினா மேடம், தயவு செஞ்சு எனக்கு ஒண்ணு புரிய வைக்க முடியுமா? எப்பவும் பூட்டிக் கெடக்கிற வீட்ல இருந்து, தெனமும் பகல்ல நெட் போகுதுன்னு யாரு கம்ப்ளெயிண்ட் கொடுக்கிறாங்க?"

நான் சேகரைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ராமநாதன் கேட்டைத் திறந்துவிட்டார். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு தம்பதி, ரொம்ப நல்ல மாதிரி, இருவருக்குமே காது கேட்காது, பேச்சும் வராது என்றார். சேகர் என்னைப் பார்த்தார். நான் சேகரைப் பார்த்தேன். இணைப்பு கொடுத்த அன்று வசுமதியின் மைத்துனர் வந்திருந்து எல்லாம் பேசியிருக்கிறார். அதனால் வந்த ஆட்களுக்கு எதுவும் தெரியவில்லை. புகார் கொடுக்கும்போதெல்லாம், எனக்குக் காது கேட்காது, குறுஞ்செய்தி அனுப்புங்கள் என்று அந்தப் பெண் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அது எங்கள் ஆட்களின் போனுக்கு வரும் வழியிலேயே இல்லை. அவர்களுக்கு வருவது பெயர், விலாசம், போன் நம்பர். அவ்வளவுதான். நாங்கள் திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறோம், காது கேளாத ஒருவருக்கு.

மேலே போய் அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே ஒரு விளக்கு மினுக்கி மினுக்கி எரிவது ஜன்னல் வழியே தெரிந்தது. கதவு உடனே திறந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான பெண். எங்கள் சட்டையில் இருந்த கம்பெனி பெயரைப் பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, போனை எடுத்து வேகமாகத் தட்டி என்னிடம் காட்டினார். "வந்தீர்களே, முதலில் உட்காருங்கள்" என்று இருந்தது.

பிறகு நாங்கள் பேசியதெல்லாம் அப்படித்தான். அவர் தட்டுவார், நான் படிப்பேன், நான் தட்டுவேன். அவர் சைகை மொழி ஆசிரியர். காது கேளாத குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு, அந்தக் குழந்தைகளோடு பேசக் கற்றுக்கொடுப்பவர். கணவர் பிரபு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் இருக்கிறார். வெளியூர் நிறுவனம் ஒன்று வீடியோ வழியாக வகுப்பு எடுக்க வசுமதியைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஒரு சோதனை வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். முதல் தடவை நடு வகுப்பில் இணைப்பு போய்விட்டது. அவர்கள் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள், மறுநாள் காலை.

அவர் அடுத்துத் தட்டிக் காட்டியதை நான் இன்றும் மறக்கவில்லை. "உங்களுக்கு வீடியோ நின்றால் குரலாவது கேட்கும். எனக்குப் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும்."

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். சேகர் மீட்டரை மாட்டினார். வீட்டுக்குள் வர வேண்டிய ஒளி மிகவும் மங்கி வந்துகொண்டிருந்தது. வழியில் எங்கோ இழை மடங்கியிருக்கிறது. அது எங்கே? அது ஏன் தானாகவே சரியாகிறது?

காதர் சாரின் கேள்வியை நான் கேட்டேன். நீங்கள் என்ன பார்த்தீர்கள்? வசுமதி யோசித்தார். காலையில் நன்றாக இருக்கும், முற்பகலில் போகும், மாலைக்குள் வந்துவிடும் என்று தட்டினார். எங்கள் ஆட்கள் காலையிலோ மாலையிலோ வந்திருந்தாலும் ஒன்றும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். வெயிலில் தெருப் பெட்டி சூடாகிறதோ என்று நினைத்தேன். பிறகு அவர் இன்னொன்று தட்டினார். "மழை பெய்த நாட்களில் ஒரு தடவைகூடப் போகவில்லை."

எங்கள் தொழிலில் மழைதான் எதிரி. மழை பெய்தால் பெட்டியில் தண்ணீர் இறங்கும், இணைப்பு போகும். மழை நாளில் மட்டும் ஒழுங்காக ஓடும் இணைப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. மழை பெய்தால் இந்தக் கட்டடத்தில் என்ன நடக்காது? யோசித்துக்கொண்டே, சேகரை மீட்டரோடு கீழே நிறுத்திவிட்டு, நானும் வசுமதியும் மொட்டை மாடிக்கு ஏறினோம்.

மாடி முழுக்கத் துணி காய்ந்தது. கொடிகளில் ஒன்று, எங்கள் ஆட்கள் கைப்பிடிச் சுவரில் அடித்திருந்த கொக்கியில் கட்டியிருந்தது. சென்னையில் மொட்டை மாடிச் சுவரில் ஒரு கொக்கி கிடைத்தால் அதில் கொடி கட்டாமல் யாரும் விட மாட்டார்கள். அந்தக் கொடியில் நனைந்த ஜமுக்காளமும் இரண்டு கனத்த போர்வைகளும் தொங்கின. பாரத்தில் கயிறு இறுகி, முடிச்சு வசுமதி வீட்டுக்குப் போகும் கேபிளைக் கொக்கியோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருந்தது.

போனில் சேகரை அழைத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். ஜமுக்காளத்தைக் கீழிருந்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

"அக்கா, ஏறுது."

விட்டேன்.

"எறங்கிடுச்சி."

மறுபடி தூக்கினேன். "ஏறுதுக்கா. இன்னா பண்றீங்க அங்க?"

போர்வை தூக்குகிறேன் என்றேன். வசுமதிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். துணி காய்ந்தால் பாரம் குறையும், இணைப்பு வரும். மழை பெய்தால் யாரும் துணி உலர்த்துவதில்லை.

மூச்சு வாங்க மேலே வந்த ராமநாதன் ஜமுக்காளத்தைப் பார்த்து, "எங்காத்துதான் அது" என்றார். கொடியை அவரே அவிழ்த்தார். முடிச்சு தளர்ந்ததும் கேபிளை மெல்ல வெளியே எடுத்தேன். அத்தனை நாள் நசுங்கிக் கிடந்த கண்ணாடி அதைத் தாங்கவில்லை. கீழிருந்து சேகர் சொன்னார், இப்போது சுத்தமாக ஒன்றுமே வரவில்லை என்று. உள்ளே இழை உடைந்துவிட்டது.

பகலில் மட்டும் போய்க்கொண்டிருந்த இணைப்பு இப்போது முழுசாகப் போய்விட்டது. மறுநாள் காலை வகுப்பு. வசுமதி என் முகத்தைப் படித்துவிட்டார். சிரிப்பு நின்றது.

காதர் சாருக்குப் போன் செய்தேன். அன்று அடையாறில் வடிகால் தோண்டியவர்கள் எங்கள் பெரிய கேபிளை வெட்டிவிட்டிருந்தார்கள். ஒட்டும் மெஷின் அங்கே இருந்தது. இன்னொரு மெஷின் பழுது பார்க்கப் போயிருந்தது. அடையாறில் அன்று முடியுமா என்றே தெரியாது. மெஷினைக் கொஞ்ச நேரம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

முடியாது என்றார். அங்கே எத்தனை வீடுகள் இணைப்பு இல்லாமல் இருக்கின்றன என்பதைச் சொன்னார். பிறகு, "ஆனா இந்த ஒரு வீடும் என் கண்ணுக்குத் தெரியுது. உங்க பையில என்ன இருக்கு ரெஜினா?" என்றார்.

என் பையில் கையாலேயே மாட்டும் கனெக்டர்கள் சில பழைய நாளில் இருந்தே கிடந்தன. மெஷின் வேண்டாம். இழையை வெட்டி, அந்தச் சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகி, பூட்டிவிட்டால் போதும். ஆனால் கடற்காற்று அடிக்கும் எங்கள் ஏரியாவில் அவை சில மாதத்தில் மங்கிப்போகும். அதனால் அவற்றைப் போடக் கூடாது என்று தடை விதித்தவர் காதர் சாரே. அந்தத் தடையில் அவர் யாருக்கும் இளகியதில்லை.

அதைச் சொன்னேன்.

"போடுங்க. மெஷின் வந்ததும் நீங்களே போய் அத எடுத்துட்டு ஒட்டிடணும். ஒட்டிட்டு எனக்குச் சொல்லணும். அது வரைக்கும் நான் அந்த வீட்ட மறக்க மாட்டேன்."

உடைந்த பகுதியை வெட்டி எறிந்தோம். கட்டடத்துப் பெட்டியில் சுற்றி வைத்திருந்த மிச்சக் கேபிள் போதுமானதாக இருந்தது. ராமநாதன் ஒரு குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். வெயிலுக்கு அல்ல, தூசு விழாமல் இருக்க. நான் கேட்காமலே செய்தார். முதல் கனெக்டர் சரியாக உட்காரவில்லை. வெட்டு சாய்ந்துவிட்டது. தூக்கிப் போட்டேன். இரண்டாவதைத் துடைத்து, வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகிப் பூட்டினேன். கீழிருந்து சேகர் மீட்டரில் வந்த எண்ணைச் சொன்னார். புது இணைப்புக்கு வரும் எண்ணைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பெட்டியில் சிவப்பு அணைந்து பச்சை வந்தது.

நாங்கள் உடனே கிளம்பவில்லை. வசுமதி தன் தோழி ஒருவரை வீடியோவில் அழைத்தார். இருவரும் கையால் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு வேகமாக இரண்டு பேர் பேசி நான் பார்த்ததில்லை. சேகர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மாடியில் ராமநாதன் கொடியை வேறு இடத்தில் கட்டி, போர்வைகளை மறுபடி உலர்த்தினார். எதுவும் அறுபடவில்லை.

மறுநாள் முற்பகலில் வசுமதியிடம் இருந்து குறுஞ்செய்தி வந்தது. "வகுப்பு முழுக்க நடந்தது. வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்." அதைச் சேகருக்குக் காட்டினேன். படித்துவிட்டு, "நா பாட்டுக்கும் போன் அடிச்சிக்கினு நின்னேன்கா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் எந்த வீட்டையும் ஏறிப் பார்க்காமல் 'பூட்டியிருக்கிறது' என்று சொன்னது கிடையாது.

ஆனால் ஒரு சேகர் மாறினால் போதாது. தலைமை அலுவலகக் கூட்டத்தில் இதைப் பேசினேன். போன் எடுக்கவில்லை என்ற காரணத்துக்காக ஒரு புகாரை மூடக் கூடாது, போனவர் அல்லாத இன்னொருவர் நேரில் போய்ப் பார்த்த பிறகே மூட வேண்டும், குறுஞ்செய்தி மட்டும் அனுப்பச் சொன்னவர்கள் யார் என்பதைப் போகிற ஆளுக்கு முன்பே தெரிய வைக்க வேண்டும் என்றேன். மேலதிகாரி ஒருவர், இப்படிச் செய்தால் முடிக்காத புகார்கள் குவிந்துவிடும், நம் கணக்கு கெட்டுப்போகும் என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் காதர் சார் எழுந்தார்.

"ஐயா, தயவு செஞ்சு மன்னிக்கணும். அந்தப் புகார் எதுவும் புதுசா குவியப் போறதில்ல. இப்பவும் அது அங்கதான் இருக்கு. நாமதான் பாக்கல."

அந்த மரியாதையைக் கேட்டு எங்கள் ஏரியாக்காரர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். உடனே எதுவும் நடக்கவில்லை. மறுபடி மறுபடி கேட்டோம். சில மாதம் கழித்து அது விதியானது. நான் ஓய்வு பெறும் நாள் வரை எங்கள் ஏரியாவில் அது மீறப்படவில்லை. என் வேலைக் காலத்தில் எத்தனையோ கேபிள் இழுத்திருக்கிறேன். அதில் பாதி இன்று மாற்றப்பட்டிருக்கும். அந்த விதி இருக்கிறது.

வசுமதியின் வகுப்பு நடந்த அந்த வாரமே மெஷின் கைக்கு வந்தது. சொன்னபடி மந்தைவெளிக்குப் போய், கனெக்டரை எடுத்துவிட்டு இழையை ஒட்டினேன். மாடியில் நின்றே காதர் சாருக்குச் சொன்னேன். நல்லது என்று வைத்துவிட்டார். பிரபு அன்று வீட்டில் இருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது கணவனும் மனைவியும் என்னைப் பார்த்துப் பார்த்துக் கைகளால் ஏதோ விவாதித்தார்கள். பிறகு வசுமதி போனில் தட்டிக் காட்டினார். எங்கள் மொழியில் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல நேரமாகிறது, உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம் என்று.

அவர் இரண்டு விரலால் இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடியைப் பிடித்து நெற்றிக்கு மேல் ஏற்றினார். இழையை வெட்டும்போது நான் என் கண்ணாடியை அப்படி ஏற்றிவிடுவேனாம். இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை. நானும் அப்படியே செய்து காட்டினேன். இருவரும் தலையசைத்தார்கள்.

இது நடந்து வெகு காலத்துக்குப் பிறகு, லஸ் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டு, கம்பெனிச் சட்டையோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி பஸ் வருகிறதா என்று பார்த்து நின்றிருந்தேன். எதிர்ச் சாரியில் நான் ஒருபோதும் பார்த்திராத ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டி, என்னைக் காட்டி, இரண்டு விரலால் நெற்றிக்குக் கண்ணாடி ஏற்றினார். பிறகு சந்தேகம் தீர என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பையைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம், நான்தான் என்று கையைத் தூக்கினேன்.